படகு ஏசி 3 நிமிடத்தில் நின்றுவிடுகிறது: திங்கட்கிழமைக்குள் உதவி வேண்டும்

குடியாத்தம் கூலிங்:
வணக்கம். படகில் உள்ள ஏசி ஓடத் தொடங்கி 3 நிமிடத்தில் நின்று, திரையில் எச்.பி.எஃப். என்று காட்டுகிறது. குளிர்காலத்துக்கு முன் அதற்குள் ஏதோ ஊற்றி மூடி வைக்க வேண்டுமாம். என்ன ஊற்ற வேண்டும்? அவுட்டோர் யூனிட்டைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், எங்கும் காணவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும், அவசரம்.

காட்பாடிக்காரன்:
எந்த ஊர், எந்தப் படகு என்று சொல்லாமல் எப்படி ஐயா உதவுவது? ஏலகிரி புங்கனூர் ஏரியில் ஏசி வைத்த படகு ஓடுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாலாறு என்றால் முதலில் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எத்தனை வோல்ட், எந்த கேஸ், படகு தண்ணீரில் நிற்கிறதா, கரையில் நிற்கிறதா என்பதையாவது எழுதுங்கள்.

ஆம்பூர் வயரிங்:
சந்தேகமே வேண்டாம், வோல்டேஜ்தான். எங்கள் தெருவில் மே மாதத்தில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும்போது கம்ப்ரசர் இப்படித்தான் முனகிவிட்டு நிற்கும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வையுங்கள்.

குடியாத்தம் கூலிங்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கிறேன். படகு மருமகனுடையது, மிச்சிகனில் செயின்ட் கிளேர் ஏரியில் நிற்கிறது. திங்களன்று கிரேன் வைத்துக் கரையேற்றுகிறார்கள். ஊரில் 20 ஆண்டுகளாக ஸ்பிளிட் ஏசி வேலை பார்ப்பவன் நான் என்பதால், "மாமா பார்த்துக்கொள்வார்" என்று வெளி மெக்கானிக்கை வர வேண்டாம் எனச் சொல்லிவிட்டார். கரண்ட் 120 வோல்ட், குறையவில்லை, அளந்து பார்த்தேன். கேஸ் குறைந்திருக்குமோ?

சில்லர் பெரியவர்:
எச்.பி.எஃப். என்றால் ஹை பிரஷர் கோளாறு. 20 ஆண்டு வேலை பார்த்தவர், ஹை பிரஷரில் நிற்கும் இயந்திரத்துக்கு கேஸ் குறைவா என்று கேட்கிறார். கேஸ் குறைந்தால் லோ பிரஷரில் நிற்கும் அல்லது காயிலில் பனி கட்டும். ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் வாட்டர் கூல்டு சில்லரோடு, அதாவது தண்ணீரால் சூடு தணிக்கும் பெரிய குளிரூட்டும் இயந்திரத்தோடு, 30 ஆண்டு கழித்தவன் சொல்கிறேன்: சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் உப்பு படிந்திருக்கிறது. ஆசிட் விட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான். சுவரில் ஏசி மாட்டுவது வேறு, இது வேறு.

ஆற்காடு கடலோடி:
பெரியவர் சொன்ன முதல் பாதி சரி. குடியாத்தத்தார் மேலே உள்ளதைப் படித்து மனம் தளர வேண்டாம். அவுட்டோர் யூனிட் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒன்று கிடையாது என்றுதான் பொருள். நம் வீட்டு ஏசியில் வெளியே நிற்கும் மின்விசிறி செய்கிற வேலையை இங்கே ஏரித் தண்ணீர் செய்கிறது. படகின் அடியில் ஒரு வால்வு, அடுத்து வடிகட்டி, அதற்கடுத்து பம்ப், பிறகு தாமிர நிக்கல் குழாய்ச் சுருளான கண்டென்சர், கடைசியில் படகின் பக்கவாட்டில் உள்ள துளை. இந்த வழியில் எங்கே தண்ணீர் தடைப்பட்டாலும் சூடு வெளியேற இடமில்லாமல் பிரஷர் ஏறிச் சாதனம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

ஏசியைப் போட்டுவிட்டு, பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் விடாமல் விழுகிறதா என்று பாருங்கள். சொட்டினாலோ விட்டுவிட்டு வந்தாலோ ஏசியை அணைத்து, வால்வை மூடி, வடிகட்டிக் கூடையை வெளியே எடுங்கள். ஜீப்ரா மஸ்ஸல் எனப்படும் விரல்நகம் அளவுள்ள வரிச்சிப்பி 1988-இல் வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது உங்கள் படகு நிற்கும் அதே ஏரியில்தான். குழாய், வடிகட்டி என்று கிடைத்த இடத்திலெல்லாம் அது ஒட்டிக்கொள்ளும். கூடை சுத்தமாக இருந்தால் காற்றடைப்பைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் இந்த வகை பம்ப் தானாக நீரை உறிஞ்சாது.

குடியாத்தம் கூலிங்:
நாளைக் காலை பார்க்கிறேன் ஐயா. மருமகன் கார் ஷெட்டில் பச்சை கூலன்ட் ஒரு கேன் இருக்கிறது. அதை ஊற்றலாமா?

ஆற்காடு கடலோடி:
ஊற்றாதீர்கள். கார் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், விஷம். நீங்கள் ஊற்றுவது நேராக ஏரிக்குத்தான் போகும். படகுக்கென்று விற்கும் ரோஸ் நிற புரோப்பிலீன் கிளைகாலை வாங்கி, தண்ணீர் கலக்காமல் ஊற்றுங்கள். கேனில் மைனஸ் 50 பாரன்ஹீட் என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காது என்பதற்கான கணக்கு. உள்ளே மீதமிருக்கும் தண்ணீரோடு கலந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். ஆகவே வால்வை மூடி, குழாயில் உள்ள நீரை முடிந்தவரை வடித்துவிட்டு, வடிகட்டி வழியாக ஊற்றிக்கொண்டே பம்ப்பை ஓட விடுங்கள். முதலில் வெளிறிய நிறத்தில்தான் வரும். கேனில் உள்ள அதே நிறம் பக்கவாட்டுத் துளையில் வரும்வரை ஊற்றி, வந்தவுடன் அணைத்துவிடுங்கள், கம்ப்ரசரை நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம்.

சில்லர் பெரியவர்:
இத்தனை சடங்கு எதற்கு? காற்று அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளினால் முடிந்தது. உப்புக்கு ஆசிட்.

ஆற்காடு கடலோடி:
சுருளின் கீழ் வளைவில் நிற்கும் தண்ணீரை, காற்று மேலாகத் தாண்டிப் போய்விடும் பெரியவரே. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. சுருள் பிளக்க ஒரு டம்ளர் போதும். ராணிப்பேட்டை போர் தண்ணீருக்குப் பழகிய ஆசிட் அளவை அந்த மெல்லிய குழாயில் விட்டால் உப்போடு குழாயும் அரிக்கும்.

சில்லர் பெரியவர்:
நான் விட்ட ஆசிட்டில் இதுவரை ஒரு குழாயும் ஓட்டை விழுந்ததில்லை. மிச்சிகன் குளிரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆற்காடு கடலோடி:
கப்பலில் பார்த்திருக்கிறேன். நீங்கள்?

ஆம்பூர் வயரிங்:
ஸ்டெபிலைசர் வைத்தாரா இல்லையா என்று யாரும் கேட்கவில்லையே.

குடியாத்தம் கூலிங்:
கூடையில் ஒரு கை நிறையச் சிப்பி இருந்தது. எடுத்ததும் ஏசி 40 நிமிடம் நிற்காமல் ஓடியது. மூன்றாவது கேலனில்தான் முழு ரோஸ் நிறம் வந்தது. படகைத் தூக்கிவிட்டார்கள். அனைவருக்கும் நன்றி, வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

காட்பாடிக்காரன்:
சிப்பியை மருமகனிடம் காட்டினீர்களா ஐயா? 20 ஆண்டு அனுபவத்துக்கு அத்தாட்சி அது.

ஆற்காடு கடலோடி:
மகிழ்ச்சி. இன்னும் இரண்டு கேள்விகள்: உட்புற யூனிட்டின் அடியில் உள்ள சொட்டுத் தட்டில் தேங்கிய நீரைத் துடைத்தீர்களா? பிரேக்கர் மேல் "வால்வு மூடியுள்ளது" என்று ஒரு சீட்டு ஒட்டினீர்களா? நீங்கள் ஊர் திரும்பிய பிறகு, அடுத்த மே மாதம் வால்வைத் திறக்காமல் யாராவது ஏசியைப் போட்டால் அதே எச்.பி.எஃப். வரும்.