கச்சான் வெயிலில் சைக்கிள் ஓட என்ன சட்டை போடலாம்?

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு இரண்டு மாதமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். காலை ஏழு மணிக்குப் போய், பின்னேரம் இரண்டரைக்குத் திரும்புவேன். கச்சான் என்கிற வரண்ட மேல்காற்று வேறு முகத்தில் அனலாக அடிக்கிறது. காலையில் தெற்கே, பின்னேரம் வடக்கே ஓடுவதால் இரண்டு நேரமும் வெயில் இடது பக்கம்தான். இடது கை மணிக்கூட்டுப் பட்டி வரைக்கும் கருத்து, பிடரி தோலுரிகிறது. வலது கை வேறு யாருடையதோ போல இருக்கிறது!

முதலில் வெள்ளைப் பருத்தி முழுக்கைச் சட்டை போட்டேன். ஆரையம்பதி வருமுன்னே நனைந்து ஒட்டிவிடும். உள்ளே தோல் சிவந்துதான் இருந்தது. நனைந்த மெல்லிய பருத்தி வெயிலைக் கூடுதலாக உள்ளே விடுமாம். ஜீன்ஸ் துணிச் சட்டை காத்தது, ஆனால் அவிந்துபோனேன். சன்கிரீம் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்குகிறது. கறுப்புக் கைமூடி பரவாயில்லை, பிடரிக்கு உதவாதே.

இப்போது யூபிஎஃப் (துணியின் வெயில் காப்பு அளவு) 50 போட்ட கொலர் வைத்த சட்டை பார்க்கிறேன். புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்பது சரி, சூடு?

நம்ம பக்க வெக்கையில் அப்படிச் சட்டை போட்டு ஓடியவர்கள் சொல்லுங்கள்: கடும் நிறம் எடுப்பதா, வெளிர் நிறம் எடுப்பதா?