மச்சானுக்கு என்ன பதில் சொல்வது? வளரும் ஊருக்கு மேம்பாலமா, பஸ்ஸா, ரயிலா?

பீளமேட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து ஏழு வருடம் ஆகிறது. இருப்பது செங்காங்கில், சொந்த ஊர் கோயம்புத்தூர், பீளமேடு பக்கம். போன வாரம் முழுக்க எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்களே, என் மச்சான் அதில் காரில் போகும்போது எடுத்த வீடியோவைப் போட்டு, இனிமேல் நம்ம ஊரில் நெரிசல் என்ற பேச்சே இல்லை, இதே மாதிரி திருச்சி ரோடு, சத்தி ரோடு எல்லாவற்றிலும் கட்டிவிட்டால் முடிந்தது கதை என்று எழுதினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பாலத்துக்கு மேலே கார் போகிறது சரி, கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எங்கே நிற்பார்கள்?" என்று கேட்டுவிட்டேன். உடனே, "நீ மெட்ரோவில் போகிறவன், உனக்கு என்ன தெரியும், சிங்கப்பூர்க்காரன் காசு வைத்திருக்கிறான், ரயில் விடுகிறான்" என்று ஒரு போடு போட்டார்.

அது எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். இங்கே காலையில் எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எட்டே முக்காலுக்கு அலுவலகத்தில் இருக்கிறேன், அது எப்படி நடக்கிறது என்று யோசித்ததே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், மச்சான் கண்டிப்பாக மறுபடி ஆரம்பிப்பார். வளர்ந்துகொண்டே இருக்கிற ஊரில் கார், பஸ், ரயில், நடை எல்லாவற்றையும் ஒரு அளவோடு வைக்க வேண்டும் என்றால் முதலில் எதில் கை வைக்க வேண்டும்? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய ஸ்டியரிங்

தம்பி, நான் 1979ல் பஸ் ஓட்ட ஆரம்பித்தேன், இப்போது ஓய்வு. உங்கள் மச்சான் மாதிரி ஆட்கள் இங்கேயும் நிறைய இருந்தார்கள், கோபப்படாதீர்கள்.

எல்லாரும் சிங்கப்பூர் என்றால் ரயில் என்கிறார்கள். ரயில் வந்தது 1987 நவம்பர் 7, இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரைக்கும், ஐந்தே ஐந்து நிலையம். அதற்கு முன்னாலேயே வேலை பாதி முடிந்துவிட்டது, அதுதான் பலருக்குத் தெரியாது. எங்கள் அப்பா காலத்தில் ஏகப்பட்ட பஸ் கம்பெனிகள், ஒன்றுக்கொன்று போட்டி, வண்டி நடுவழியில் நின்றுவிடும், சந்தில் எல்லாம் கள்ள டாக்சி. அதையெல்லாம் ஒழுங்கு பண்ணி 1973ல் ஒரே கம்பெனியாக்கினார்கள். 1974ல் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள், ரோட்டில் மஞ்சள் கோடு, அவ்வளவுதான், பெரிய செலவு கிடையாது. 1975 ஜூனில் நகருக்குள் காலையில் கார் வந்தால் ஒரு நாளைக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும் என்றார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பஸ்ஸைச் சரி பண்ணினார்கள், அப்புறம்தான் கார்க்காரனிடம் காசு கேட்டார்கள்.

காசு கட்டியதற்கு அடையாளமாகக் கார்க் கண்ணாடியில் ஒரு காகித வில்லை ஒட்ட வேண்டும், இப்போது இருக்கிற மின்னியல் சாலைக் கட்டணம் எல்லாம் 1998ல்தான். நுழைவாயிலில் ஒருவர் நின்று ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்ப்பார். ஆரம்பத்தில் காலை 7.30லிருந்து 9.30 வரை என்று வைத்தார்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 9.30 வரை வெளியே காத்திருந்து, அடித்ததும் மொத்தமாக உள்ளே நுழைந்தார்கள். கொஞ்ச நாளிலேயே 10.15 வரைக்கும் நீட்டிவிட்டார்கள். காரில் நான்கு பேர் இருந்தால் காசு இல்லை என்று இன்னொரு சலுகை. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா, கார்க்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்கே வந்து ஆள் பிடிப்பார்கள்! அங் மோ கியோவிலிருந்து நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவேன், எனக்காக நின்ற மூன்று பேர் என் கண் முன்னாலேயே யாரோ ஒருவர் காரில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சலுகையை 1989ல் எடுத்துவிட்டார்கள். அதே வருடம்தான் மோட்டார் சைக்கிளுக்கும் காசு போட்டார்கள், அதுவரைக்கும் இலவசம்.

இவ்வளவு ஓட்டை இருந்தும், தொடங்கிய புதிதில் அந்த நேரத்தில் நகருக்குள் வந்த வண்டிகள் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. மச்சானிடம் சொல்லுங்கள், பாலம் கட்டாமலேயே அது நடந்தது என்று.

செங்காங் செல்வி

நானும் செங்காங்தான். பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வரைபட வேலை. பழைய ஸ்டியரிங் அண்ணன் சொன்னதோடு இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

"காசு வைத்திருக்கிறான், ரயில் விடுகிறான்" என்பது நடந்த கதைக்கு நேர்மாறு. ரயில் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே பல வருடம் சண்டை போட்டார்கள். அப்போது துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ, ரயிலுக்குப் போட்ட பணம் திரும்பாது, பஸ்ஸே போதும் என்ற பக்கம். 1980ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹார்வர்ட் குழுவும் பஸ்தான் என்று சொன்னது. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங் ரயில் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1982 மே மாதம்தான் முடிவானது, செலவு 5 பில்லியன் வெள்ளி, அந்தக் காலத்தில் இந்த நாட்டின் மிகப் பெரிய கட்டுமானம். எல்லாருக்கும் பயம் இருந்தது. ஆனால் ரயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நாட்டின் நிலத்தை எதெதற்குப் பயன்படுத்துவது என்று போட்ட 1971 கருத்துருத் திட்டத்திலேயே வரைந்து, அந்த வழியிலேயே புதுநகரங்களைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால் முடிவு எடுத்த அன்றைக்கு ரயில் போக இடமும் இருந்தது, ஏற ஆளும் இருந்தது. வீட்டை ஒரு மூலையில் கட்டிவிட்டு வேலையை இன்னொரு மூலையில் வைத்தால் எந்த ரயிலும் பத்தாது. நகர மையத்துக்கு வெளியே தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் பக்கம் அலுவலகங்களைத் தள்ளுவது இதற்காகத்தான்.

ஒரு தமாஷ் சொல்லவா? நம் வடகிழக்குப் பாதை 2003 ஜூனில் திறந்தபோது புவாங்கோக் நிலையத்தைக் கட்டி முடித்துப் பூட்டிவைத்திருந்தார்கள், பக்கத்தில் ஆள் இல்லை என்று. 2005ல் வருகை தந்த அமைச்சர் பார்க்கட்டும் என்று யாரோ அட்டையில் வெள்ளை யானைகளை வெட்டிச் சாலையோரம் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்! வெள்ளை யானை என்றால் ஆங்கிலத்தில் வீண் செலவு என்று அர்த்தம். அடுத்த ஜனவரியில் நிலையம் திறந்தது. நான் அங்கேதான் தினமும் ஏறுகிறேன், காலையில் முதல் ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில்தான் இடம் கிடைக்கும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு சாலைக்கே போகிறது, இனிமேல் கொடுக்க இடம் இல்லை. அதனால்தான் 1990 மே மாதத்திலிருந்து வாகன உரிமைச் சான்றிதழ், பத்து வருடத்துக்கு ஒரு சீட்டு, ஏலத்தில் எடுக்க வேண்டும். 2018 பிப்ரவரியிலிருந்து கார், மோட்டார் சைக்கிள் எண்ணிக்கை வளர்ச்சியைச் சுழியமாக்கிவிட்டார்கள். பெரும்பாலும் ஒரு பழைய கார் போனால்தான் புதுக் கார் வரலாம்.

இதை அப்படியே கோவைக்குக் கொண்டுபோக முடியாது, அதையும் மச்சானிடம் ஒத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்தில் பதிவு செய்துகொண்டு வருகிற வண்டியை யார் நிறுத்துவது? நிலத்தைக் கையகப்படுத்த 1966ல் இங்கே போட்ட மாதிரி ஒரு சட்டத்தை இன்றைக்கு அங்கே நினைத்துப் பார்க்க முடியுமா? கொண்டுபோகக்கூடியது வேறு. சாலை, ரயில், வண்டிப் பதிவு என்று நாலு இடத்தில் கிடந்ததை 1995ல் ஒரே ஆணையத்துக்குள் கொண்டுவந்தார்கள். உங்கள் ஊரில் பாலம் நெடுஞ்சாலைத் துறை, பஸ் போக்குவரத்துக் கழகம், நடைபாதை மாநகராட்சி. பாலம் வரைகிறவர் பஸ் நிறுத்தத்தை யோசிக்கவில்லை என்றால் அது அவர் தப்பு மட்டும் இல்லை, அது அவர் மேசைக்கே வராது.

உட்லண்ட்ஸ் மல்லிகா

செல்வி, எல்லாம் சரி, கொஞ்சம் எங்கள் பக்கமும் வாங்க. 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போனது. கார் இல்லை, வெறும் சீட்டு! காசு இருக்கிறவன் அதையும் கட்டிவிட்டு ஓட்டுகிறான், மூன்று பிள்ளையும் படுத்த படுக்கையாக மாமியாரும் இருக்கிற வீட்டுக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான். ஏலம் என்பது தேவையைப் பார்க்காது, பையைத்தான் பார்க்கும். இதைச் சமநிலை என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க அழைத்துப்போகிறேன். முன்பு வீட்டு வாசலில் ஏறினால் ஒரே பஸ், உட்கார்ந்துவிட்டால் கவலை இல்லை, ஜன்னலோரம் தூங்கியே விடுவார். இப்போது ரயில் வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நிலையத்துக்கு நடை, மின்தூக்கிக்குக் காத்திருப்பு, இறங்கி இன்னொரு மின்தூக்கி, அப்புறம் ஒரு பஸ். செயலியில் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று காட்டும். அம்மாவின் முழங்காலைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். 167 பஸ்ஸை 2023 கடைசியில் நிறுத்தப்போவதாக அறிவித்து, மக்கள் விடாமல் கேட்ட பிறகு அரை மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்களே, அது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. புது ரயில் பாதை வந்தால் பக்கத்தில் ஓடுகிற பஸ்ஸைக் குறைப்பது இவர்கள் வழக்கம். ஓட்டுநரும் கிடைக்கவில்லை, செலவும் ஆகிறது, அதெல்லாம் தெரியும். இருந்தாலும் ரயில் வந்ததும் பஸ்ஸைத் தூக்கிவிடாதே என்று உங்கள் ஊர்க்காரர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சாலை கடக்கும் இடத்தில் மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் இன்னும் சில வினாடி கூடுதலாக நிற்கும். அம்மாவுக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான், கடக்க வேண்டாத இடத்தில்கூடத் தட்டிப் பார்ப்பார்.

துவாஸ் தம்பி

அண்ணே, அக்கா, நான் நான்கு வருடமாக விடுதியில் இருக்கிறேன், கட்டுமான வேலை, புதுக்கோட்டை பக்கம். யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்குவேன், குளிர்காற்று, உட்கார இடம், எல்லாம் ராஜா மாதிரி. திங்கட்கிழமை விடிவதற்குள் லாரியின் பின்பக்கம். மேலே கூரையும் பக்கத்தில் கம்பியும் உண்டு, பெல்ட் கிடையாது. மழை பக்கவாட்டில் அடித்தால் எல்லாரும் நடுவில் ஒண்டிக்கொள்வோம். கம்பெனியைக் கேட்டால் வேன் வைத்தால் செலவு தாங்காது என்கிறார்கள். அந்த நேரத்துக்கு ரயிலும் இல்லை, தளத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸும் இல்லை. இந்த ரயில் பாதை போடுகிறவர்களில் நாங்களும் உண்டு, சும்மா சொல்லிவைக்கிறேன்.

பழைய ஸ்டியரிங்

தம்பி சொன்னது உண்மை. நான் டிப்போவுக்கு விடிகாலையில் போகும்போது பார்ப்பேன், சிக்னலில் நின்றால் என் பக்கத்து லாரியில் பத்துப் பதினைந்து பேர், உட்கார்ந்தபடியே தூக்கம். எனக்காவது கம்பெனி வண்டி வரும்.

பீளமேட்டுத் தம்பிக்கு ஒன்று. அங்கே 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா, ஏற ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது பாலத்துக்கு மேலே கார் போய்விட்டது என்றால் கீழே ரோட்டில் இடம் மிச்சம் ஆகியிருக்க வேண்டுமே, அதில் பஸ்ஸுக்கு ஒரு தடம் கேட்கலாம். இரட்டை மாடி பஸ் ஒன்றில் நூறு பேருக்கு மேல் ஏற்றலாம். கார் ஒன்றில் பெரும்பாலும் ஒருவர்தான்.

பீளமேட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாகத் துவாஸ் தம்பிக்கு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை ஜன்னலோரம் நின்று விரைவுச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாக அந்த லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

மஞ்சள் கோட்டு யோசனையை நேற்று ராத்திரியே குழுவில் போட்டேன். மச்சான் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தத் தடத்தில் டூவீலர்க்காரன் புகுந்தால் யார் தடுப்பது, உங்க அண்ணனா?" என்று மட்டும் கேட்டார். அக்கா உடனே, "வேற யாரும் இல்ல, முதல்ல புகுறது நீங்கதான்" என்று எழுதினார். அதற்குப் பிறகு குழுவில் யாரும் பேசவில்லை.

பழைய ஸ்டியரிங்

அபராதம் போட்டால் தடுக்கலாம், தம்பி. எங்களுக்கும் முதல் ஆறு மாதம் புகுந்துகொண்டுதான் இருந்தார்கள். உங்கள் அக்காவுக்கு என் வணக்கம்.