ஆணும் பெண்ணுமாக முயல் வைத்திருப்பவர்கள், ஒன்றாக விடுவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட், தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து

முதலில் எது ஆண், எது பெண் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், "ரெண்டும் பொண்ணுதான்" என்று வாங்கி வருவார்கள். எட்டு வாரத்துக்குள் இருக்கும் குட்டியில் பழகியவர்களுக்கே தவறிப்போகும். மல்லாத்திப் பிடித்து இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆணுக்கு வட்டமான சிறு குழாய் வெளியே வரும், பெண்ணுக்கு நீளமான பிளவு தெரியும். 10, 12 வாரத்தில் மறுபடியும் பாருங்கள். விதை தெரியவில்லை என்பதால் பெண் என்று முடிவு கட்ட வேண்டாம். பயந்தால் ஆண் முயல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்ன ரகம் நான்கு மாதத்திலேயே சினையாகிவிடும். கூடப் பிறந்தவை என்றாலும் அப்படித்தான்.

அதே ஊர், டவுன் பக்கமிருந்து

தம்பி சொன்னது சரி. குட்டி வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். ஆணைக் கொண்டுபோய்ப் பெண்ணின் கூண்டில் விட்டால், தன் இடத்தைக் காக்கப் பெண் பாய்ந்து கடிக்கும். விதைப்பை கிழிகிற அளவுக்குக் கடி விழுவதுண்டு.

தீனித் தட்டு, மரப்பெட்டி எல்லாவற்றையும் முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள். பெண்ணுறுப்பு வெளிறியிருந்தால் அன்று வேண்டாம். சிவந்து தடித்திருந்தால் பெரும்பாலும் ஏற்கும். ஆண் சுற்றிச் சுற்றி உறுமும், மூத்திரம் பீய்ச்சும். பெண் உடம்பை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கினால் சில விநாடிதான், ஆண் ஒரு முனகலோடு பக்கவாட்டில் சரிந்து விழும். வலிப்பு என்று பயந்துவிடாதீர்கள், சேர்க்கை முடிந்ததற்கு அதுதான் அடையாளம். உடனே பெண்ணை எடுத்துவிடுங்கள். மூலையில் ஒட்டிக்கொண்டு வாலை அழுத்தினாலோ கத்தினாலோ ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல், இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். சண்டைக்கு நடுவே வெறும் கையை நுழைக்காமல் தடித்த துண்டைப் போட்டுப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. பெண் முயலுக்குக் கருமுட்டையை வெளிவரத் தூண்டுவதே சேர்க்கைதான், சேர்ந்து சுமார் 10 மணி நேரத்தில் அது வெளிவரும். அதனால் "இன்னிக்குப் பருவம் இல்ல, கொஞ்ச நேரம் விளையாடட்டும்" என்ற கணக்கு முயலிடம் செல்லாது.

லயத்து வீட்டிலிருந்து மறுபடியும்

அக்கா, நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்கடியில் மத்தியான வெயிலில் முயலைச் சேர்க்கவே கூடாது, காலை 7 மணிதான் நல்லது. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட்ட ஆணுக்கு விந்து வீரியம் குறைந்துவிடும், தேறி வர வாரக்கணக்காகும். அப்படிப்பட்ட ஆணோடு சேர்ந்தாலும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவதால் பொய்ச்சினை, அதாவது வயிற்றில் குட்டி இல்லாமலே சினை போன்ற நிலை, உண்டாகலாம். 16, 18 நாளிலேயே மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். உண்மைச் சினை 30 முதல் 32 நாள். ஆகவே சேர்த்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள்.

28ஆம் நாள் குட்டி ஈனப் பெட்டி வைக்க வேண்டும். நடுத்தர ரகத்துக்கு 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம் போதும்; அடியில் மூத்திரம் வடிய ஓட்டை, மேலே காய்ந்த புல். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் மருந்து அடித்த இடத்துப் புல்லைத் தொடவே தொடாதீர்கள். தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டிகளின் வயிறு உருண்டிருந்தால் தாய் கைவிடவில்லை என்று அர்த்தம். ஈன்ற அன்றே அது மறுபடி சினை பிடிக்கக்கூடும் என்பதால் ஆணை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

டவுன் பக்கமிருந்து

குட்டி வேண்டாம், ஜோடியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு. கருத்தடை ஆபரேஷன் முடியும்வரை இரண்டு கூண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஒற்றைக் கம்பி வலை வழியாகவே சினை பிடிப்பதுண்டு, மூக்கைக் கடித்துக்கொள்வதும் உண்டு. ஆணுக்கு ஆபரேஷன் ஆன பிறகும் ஆறு வாரம் காத்திருங்கள், பழைய விந்து அதுவரை மிச்சமிருக்கும். பெண்ணுக்கும் செய்துவிடுவதே நல்லது. செய்யாத பெண் முயலுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். ஈப்போவரை போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரிடமே போங்கள். பூனை, நாய் மாதிரி முதல் நாளே பட்டினி போடச் சொன்னால் கேள்வி கேளுங்கள். முயலுக்கு வாந்தி வராது, வயிறு காலியானால் குடல் ஓட்டம் நின்றுவிடும்.

புண் ஆறி ஆறு வாரமும் கழிந்த பிறகு, இரண்டும் போகாத ஓர் இடத்தில், குளியலறையில் வைத்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் விடுங்கள். தரை வழுக்காமல் பழைய துணி விரித்து வையுங்கள். மேலே ஏறுவதைப் பொறுக்கலாம். வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் முடி பறக்கும்வரை காத்திருக்காமல் துண்டைப் போட்டுப் பிரித்துவிட்டு, மறுநாள் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.