புதன்கிழமைக்குள் மணியை எங்கே விடுவது (நம்ம வீடு குழு)

செல்வி: அண்ணா, ஒன்று சொல்ல வேண்டும். திங்கள்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து என் ஸ்கேன் முடிவைப் போனில் சொன்னபோது நான் அழவில்லை, டிவி முன்னால் இருந்த இவரிடம்கூட ராத்திரிதான் சொன்னேன். ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே நம்ம நாய் மணி பின்கட்டிலிருந்து எழுந்து வந்து என் காலோடு சாய்ந்து நின்றுவிட்டான். மீன் முள் கிடந்த தட்டைக் கீழே வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரிந்தது?

அண்ணன்: எட்டு வருஷம் சோறு போட்டவள் நீ. உன் நடை மாறியிருக்கும், அதைப் பார்த்திருப்பான். நம் கவலை நாய்க்கு எங்கே புரியும்.

மதினி: அப்படிச் சொல்லாதீர்கள். மாமா போனபோது பதினாறு நாளும் அவர் நாற்காலிக்கு அடியில்தானே கிடந்தான்.

தேன்மொழி: அம்மா, அது தாத்தாவைத் தேடியது. அத்தை சொல்வது வேறு, எனக்கு அது மோப்பமாகத்தான் தெரிகிறது. 2022இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேரை 9000இலிருந்து 17 17ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லி, கணக்குக்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையையும் மூச்சையும் துணியில் எடுத்து 4 நாய்களிடம் காட்டினார்கள். 720 தடவையில் நூற்றுக்கு 90க்கு மேல் பதற்றத்து வாசனையைச் சரியாகக் கண்டுபிடித்தன. சோறு போட்டவர்கள் இல்லை அப்பா, முன்பின் தெரியாத ஆட்கள்.

அண்ணன்: சரி, வாசனை மாறுவது தெரிகிறது. அது துக்கம் என்று தெரியுமா?

தேன்மொழி: அந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை, அவை பழக்கிய நாய்கள். ஆனால் 2012இல் லண்டனில் 18 நாய்கள் முன்னால் ஒருவர் அழுவதுபோல நடித்தார், இன்னொரு முறை வாய்க்குள் பாட்டு முனகினார். அழுதபோதுதான் பெரும்பாலானவை கிட்டப் போயின, அழுதது அந்நியராக இருந்தும் அவரிடமே போயின.

செல்வி: மூன்று நாளாகப் பாதிச் சோறுதான் தின்கிறான். என்னால்தானா தேனு?

தேன்மொழி: இருக்கலாம் அத்தை. ஸ்வீடனில் 2019இல் 58 நாய்களின் முடியையும் வளர்ப்பவர்களின் முடியையும் சோதித்ததில், கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு வளர்ப்பவருக்குக் கூடியிருந்தால் நாய்க்கும் கூடியிருந்தது. ஆனால் அதையே நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் சோறு இறங்காது. ஈறு வெளுத்திருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா பாருங்கள்.

செல்வி: ஈறு ரோஸாகத்தான் இருக்கிறது. காதுக்குள் இரண்டு உண்ணி இருந்தது, எடுத்துவிட்டேன்.

தேன்மொழி: அப்போ நாளைக்கே அவனைக் கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டி ரத்தம் பார்த்துவிடலாம், நானும் வருகிறேன்.

அண்ணன்: ஆபரேஷன் முடிந்து நீ எழுந்து நடமாடும்வரை மணி இங்கே இருக்கட்டும். நானே வந்து கூட்டிப் போகிறேன். அவனைப் பற்றி நீ கவலைப்படாதே அம்மா.

தேன்மொழி: நீங்கள் உடுத்திய சேலை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துவிடுங்கள் அத்தை, படுக்கையில் விரித்துவிடுகிறேன்.

செல்வி: அடுக்களையில் உடுத்துகிற நீலச் சுங்குடியைத் தருகிறேன். அண்ணா, திங்கள்கிழமையே வந்துவிடுங்கள். நான் பையில் துணி அடுக்குவதை அவன் பார்க்க வேண்டாம்.