தண்ணீர் எப்போது ஏறியது?

நான் வகுப்பில் அதிக தடவை செய்து காட்டியது மெழுகுவர்த்திச் சோதனைதான். தட்டில் கலர் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். தீ அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, காலியான இடத்தில் தண்ணீர் ஏறியது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு இதுவே சாட்சி" என்று முடிப்பேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல வருடம் அப்படியே சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், தீ அணைஞ்ச அப்புறம்தானே தண்ணி ஏறுச்சு? ஆக்சிஜன் தீர்றதாலன்னா எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கணும்ல?"

என்னிடம் பதில் இல்லை. மறுபடி செய்து பார்த்தோம். அவள் சொன்னது சரி. தீ எரியும் வரை தண்ணீர் அசையவே இல்லை என்றே சொல்லலாம். டம்ளரின் விளிம்பில் இரண்டு மூன்று குமிழிகள் வெளியே வந்ததைக்கூட அன்றுதான் முதல் முறையாகக் கவனித்தேன். தீ சுருங்கி அணைந்து, புகை எழுந்த பிறகுதான் தண்ணீர் சரசரவென்று ஏறியது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று இரவு வீட்டில் அதே டம்ளரில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. டம்ளரும் அதே, உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவு. அதிகமானது வெப்பம் மட்டும்தான். தேடிப் படித்தபோது விஷயம் தெளிவானது. டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகு எரிந்து உண்டான நீராவி குளிர்ந்து நீராவதற்கும் இதில் சிறு பங்கு உண்டு. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. காற்றில் 21 சதவீதமாக இருப்பது ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

மறுநாள் வகுப்பில், நான் இதுவரை சொன்ன விளக்கம் தவறு என்று முதலில் சொல்லிவிட்டேன். அப்புறம் மெழுகுவர்த்தியே இல்லாமல், வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய டம்ளரை உதறிவிட்டுத் தட்டில் கவிழ்த்தோம். கொஞ்சம்தான் ஏறியது, ஆனால் ஏறியது! அந்த மாணவியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து என் முறையை மாற்றிக்கொண்டேன். எதைச் செய்து காட்டினாலும், என்ன நடக்கும் என்று எல்லோரும் நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகுதான் தொடங்குவேன். எழுதிய பிள்ளை கண் எடுக்காமல் பார்க்கும். விளக்கத்தையும் நான் உடனே சொல்வதில்லை. "எது முதலில் நடந்தது, எது பிறகு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அந்த மௌனம் ஆரம்பத்தில் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கேன் நசுங்கும் சோதனையிலும் இதே கதைதான். காலிக் குளிர்பானக் கேனில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, இடுக்கியால் பிடித்துக் குளிர்ந்த நீரில் சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்தால், பட்டென்று நசுங்கும். முதல் தடவை நான் அரைக் கேன் தண்ணீர் ஊற்றிவிட்டேன். கொதிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கொஞ்சமாக ஊற்றுங்கள், நீராவி நன்றாக வரத் தொடங்கியதும் ஒரு நிமிடம் விடுங்கள், அதுதான் உள்ளே இருக்கும் காற்றை விரட்டுகிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் "வெடிக்கும்" என்று எழுதுவார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை அளவுக்குக் காற்று அழுத்துகிறது என்று அப்போது சொன்னால், அது மனதில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எரியும் தீயின் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கவே கூடாது. "ஸ்பிரிட்டில் உப்பு கலந்து எரித்தால் கலர் கலராகத் தீ வரும்" என்று பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் சரி, நான் அதை வகுப்பில் செய்வதில்லை. மெழுகுவர்த்திக்கே முன்வரிசையை இரண்டடி தள்ளி உட்காரவைக்கிறேன், நீளமான முடி இருந்தால் கட்டச் சொல்கிறேன்.

போன வாரம் அதே மாணவி, இப்போது எட்டாம் வகுப்பு, வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "டீச்சர், டம்ளரை ஐஸ் தண்ணில வச்சு எடுத்துட்டு, மெழுகுவர்த்தி இல்லாம கவிழ்த்தா? அப்போ தண்ணி ஏறுமா, குமிழி வெளிய வருமா?" நான் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் வந்து செய்யச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் ஆளுக்கொரு வரி எழுதி வைத்துவிட்டார்கள்.