டேட்டாபேஸை நாமே ஓட்டுவதா, ஆர்டிஎஸ்ஸுக்குப் போவதா?

கணக்குப்பிள்ளை:
மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறோம். ஆட்கள் இரண்டே பேர். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் ஒரு வாடகை சர்வரில் ஓடுகிறது, டேட்டா 40 ஜிபி. இதை, டேட்டாபேஸை அமேசானே ஓட்டிப் பராமரிக்கும் ஆர்டிஎஸ் சேவைக்கு மாற்றுவதா வேண்டாமா என்று எனக்கும் கூட்டாளிக்கும் ஒரு வாரமாகத் தகராறு.

கருந்திரை:
மாற்றாதீர்கள். அதே அளவு சர்வரை விட ஆர்டிஎஸ் வாடகை அதிகம். வேறொரு டேட்டா சென்டரில் மாற்று சர்வர் வைக்கும் மல்டி-ஏஇசட் போட்டால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. காசு கொடுத்தும் சூப்பர்யூசர் உரிமை, அதாவது டேட்டாபேஸில் முழு அதிகாரம், கிடைக்காது. ஆர்டிஎஸ்ஸில் மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ் வைத்திருந்தவர்களுக்கு 2024 மார்ச்சிலிருந்து பழைய வெர்ஷனில் இருப்பதற்கே தனிக் கட்டணம் வந்தது.

தாமிரபரணி:
ராத்திரி 2 மணிக்கு யார் எழுந்திருப்பது என்ற கணக்கை விட்டுவிட்டீர்கள். 2017 ஜனவரி 31-இல், மென்பொருள் கோடைச் சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒரு இன்ஜினியர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கருவியின் வெர்ஷன் 9.2; பொருந்தாமல் ஓடும்போதெல்லாம் தோற்றிருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த டிஸ்க் நகல், அதாவது ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

கருந்திரை:
அதற்கு ஆர்டிஎஸ் எதற்கு? அவர்கள் பேக்கப்பை மீட்டுப் பார்க்கவில்லை, அதுதான் கோளாறு. நான் சனிக்கிழமை தோறும் வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வருகிறதா என்று பார்க்கிறேன். முப்பது வரி ஸ்கிரிப்ட்.

தாமிரபரணி:
சரி, உங்களுக்குக் காய்ச்சல் வந்த சனிக்கிழமை யார் பார்ப்பார்கள்? நான் வேலை பார்க்கும் ஆன்லைன் மளிகைக் கடையில், தீபாவளிக்கு முதல் நாள் காலை 11.40-க்கு, எந்தப் பொருளுக்கு என்று நிபந்தனை போடாத விலை அப்டேட் கட்டளை ஒன்று ஓடிவிட்டது. உளுந்து முதல் முந்திரி வரை எல்லாம் 18 ரூபாய்! ஆர்டிஎஸ்ஸில் 11.39 என்று நேரம் கொடுத்தோம். அந்த நிமிடத்து நிலையில் புது இன்ஸ்டன்ஸ், அதாவது தனி டேட்டாபேஸ் சர்வர், எழுந்தது. விலைப் பட்டியலை மட்டும் அதிலிருந்து எடுத்துப் போட்டோம். முக்கால் மணி நேரத்தில் கடை திறந்துவிட்டது.

கருந்திரை:
ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் வால் கோப்புகளைச் சேமித்து வைத்தால் போஸ்ட்கிரஸிலேயே அது முடியும். அதற்கான பார்மன் கருவி இலவசம்.

தாமிரபரணி:
முடியும். ஆனால் ஆர்டர் குவியும் நாளில் முதல் முறையாக அதைச் செய்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டேட்டாபேஸுக்கென்று ஆள் இல்லாத இடத்தில் ஆர்டிஎஸ்தான் என் யோசனை. ஒன்று மட்டும்: தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான். இன்ஸ்டன்ஸை அழிக்கும்போது வைத்திருக்கச் சொல்லாவிட்டால் அதுவும் போய்விடும். வாரம் ஒரு டம்ப், அதாவது டேட்டா முழுவதன் நகல், வெளியே எடுத்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
படித்துவிட்டு எங்கள் பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். நேற்றைய கோப்பு 20 பைட். முந்தாநாளும் 20. வெறும் ஜிஜிப் (சுருக்கிய கோப்பு) கூடு, உள்ளே எதுவும் இல்லை. இரண்டு மாதம் முன்பு பாஸ்வேர்டு மாற்றினோம், ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. இப்போது கையால் டம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டிஎஸ்ஸுக்குப் போகிறோம், கூட்டாளியும் சரி என்றுவிட்டார்.

கருந்திரை:
டம்ப் முடிந்ததும் முதலில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். மாற்றுவது அப்புறம்.