கீத பவனியில் நாங்கள் தாண்டிப் போன வீடு

பாளையங்கோட்டையிலிருந்து:

டிசம்பர் பிறந்தாலே அந்த வாசல் கண்முன் வந்து நிற்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் ஓராண்டுச் செலவு முழுவதும், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, பிள்ளைகளுக்கான நோட்டுப் புத்தகங்கள், முதியோர் இல்லத்தில் நாங்கள் பரிமாறும் மதிய உணவு ஆகிய அனைத்தும், கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனியில் கிடைக்கும் காணிக்கையை நம்பியே நடக்கின்றன. அந்த ஆண்டு நான் பொருளாளர். முந்தைய ஆண்டு எந்த வீட்டில் எவ்வளவு கிடைத்தது என்று பார்த்து, அதன்படி வீடுகளை வரிசைப்படுத்தியவன் நானே.

கடைசி இரவு ஒன்பதரை மணி இருக்கும். இன்னும் ஏழு வீடுகள் பாக்கி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு அடுத்து இருந்தது. அவர் ஐம்பது ரூபாய் கொடுப்பார். ஆனால் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, படிப்பைக் கேட்டு, ஜெபம் செய்யச் சொல்லி அனுப்புவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும். "டீச்சர் வீட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். நாளை என்று ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். டிரம் அடிப்பவனை நிறுத்தச் சொல்லி, சத்தமில்லாமல் அந்த வாசலைக் கடந்தோம்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நட்சத்திர விளக்கின் கீழே ஒரு ஸ்டூலும், அதன்மேல் தாம்பாளமும், தாம்பாளம் நிறைய எவர்சில்வர் தம்ளர்களும் இருந்தன. காப்பி ஆறிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, ஒவ்வொரு தம்ளரின் வாயிலும் ஓர் அச்சுமுறுக்கை மூடிபோல் வைத்திருந்தார். இரும்புக் கதவைப் பிடித்தபடி, அடுத்த வீட்டில் நாங்கள் பாடி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த ஆண்டு வசூல் முன்னெப்போதையும்விட அதிகம். கமிட்டியில் என்னைப் பாராட்டினார்கள். அடுத்த டிசம்பருக்குள் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு வெளியூர் சென்றுவிட்டார்.

தூத்துக்குடியிலிருந்து:

நீங்கள் பத்து மணிக்குள் முடிக்க வேண்டியிருந்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். எல்லா வீட்டிலும் அரை மணி நேரம் நிற்க இயலாது என்பதால், டீச்சர் வீட்டைத் தாண்டிப் போனதை நான் தவறாகக் கருதவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஏரல் துண்டிக்கப்பட்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிலேயே நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் மூன்று இரவுகள் நாங்கள் பவனி போயிருந்தோம். பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாங்குவதாகச் சொல்லித்தான் காணிக்கை வாங்கினோம். வெள்ளம் வடியாத நிலையில் ஐந்து பேர் கூடிப் பேசி, அந்தப் பணத்துக்குப் பாய், போர்வை, பால் பவுடர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்றும் அப்படியே செய்வேன்.

ஆனால் கவர்களை மறுபடி அடுக்கும்போது ஒன்றில் நீல மையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "மகள் நினைவாக, கீபோர்டுக்கு மட்டும்." அந்தப் பெண் எங்கள் ஆலயத்தில் வாசித்துக்கொண்டிருந்தவள். நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் தகப்பனார் மறுத்திருக்க மாட்டார். அவருடைய வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர் நின்றது. போன் வேலை செய்யவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். நடந்து போயிருந்தால் இருபது நிமிடம். நான் போகவில்லை.

டொராண்டோவிலிருந்து:

இங்கே வீடு வீடாகப் போவதில்லை. ஒரு கடை வாசலில், இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) காணிக்கைக்காக வைக்கும் சிவப்புக் கெண்டி அருகே மணி அடித்துக்கொண்டு நிற்போம். 1891-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏழைகளின் கிறிஸ்துமஸ் விருந்துக்காக அந்தச் சேனையைச் சேர்ந்த ஜோசப் மெக்ஃபீ தொடங்கிய வழக்கம் அது. ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்தவர், நாளாந்தம் அந்தக் கடைக்கு வருவார். முதல் நாள் நின்று, "கையில் சில்லறை இல்லை, தம்பி, நாளைக்குப் போடுகிறேன்" என்றார். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் அதையே சொன்னார். சொல்லும்போது அவருடைய கை கோட்டுப் பையைத் தடவிக்கொண்டிருக்கும். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, நான்காம் நாள் அவர் வருவதைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார். "நான் வாறது தெரிஞ்சும் ஏன் தம்பி மற்றப் பக்கம் பார்த்தனீங்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரிடம் தமிழில் வணக்கம் சொல்ல அந்த வாசலில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தூத்துக்குடி நண்பர் டீச்சருடைய விஷயத்தை நேரக் கணக்காகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மதுரையிலிருந்து:

எங்கள் ஊரில் உண்டியலை ஒருவரே வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணியதால் இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. என் அனுபவம் அவ்வளவே. ஆனால் இதைப் படிக்கும் பொருளாளர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். உண்டியலை அந்த இரவே, ஆலயத்திலேயே, உறவில்லாத இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, தாளில் மூவரும் கையெழுத்திட வேண்டும். ரசீதில் எதற்காகப் பெற்றது என்பதை எழுதினால் கீபோர்டுக் குழப்பம் வராது. க்யூஆர் அட்டையில் தனிமனிதரின் கணக்கை வைக்காதீர்கள். வருமானவரித் துறைக்கு அந்தப் பணம் அவருடைய பணமாகவே தெரியும். நன்கொடை கொடுத்தவருக்கு வருமானவரிச் சலுகை உண்டு என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குச் சலுகை கிடையாது.

முக்கியமாக, டொராண்டோவில் இருக்கும் உறவினரிடம் கேட்பவர்கள் கவனிக்கவும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் பாளையங்கோட்டையில் பிறந்தவரானாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய பணம் புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். நூறு டாலர்தானே என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

மதுரை அண்ணன் சொன்னவை அனைத்தும் சரி. எங்கள் கணக்கிலும் அந்த ஆண்டு ஒரு ரூபாய் குறையவில்லை. தணிக்கை செய்தவர் தயங்காமல் கையெழுத்திட்டார். டீச்சர் எடுத்துவைத்திருந்த ஐம்பது ரூபாய் மட்டும் அதில் இல்லை.

இந்த ஆண்டு நான் பொருளாளர் அல்ல. இருந்தாலும் நோட்டைக் கேட்டு வாங்கி, பழைய தொகைகளை எழுதாமல், தெரு வரிசைப்படி வீட்டு எண்களை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் இருந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். காணிக்கை வேண்டாம், வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடலாமா என்று போய்க் கேட்டேன். பிள்ளைகள் தூங்குவதற்குமுன், எட்டு மணிக்கே வந்துவிடுங்கள் என்றார்கள்.